தனியே போனால்தான் நாக்கு திரும்பும்

இத்தாலியின் நடுப்பகுதியில், கடல் தொடாத உம்பிரியா மாநிலத்தின் தலைநகரம் பெருஜா. குன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். அதன் வடக்குப் பக்கத்தில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எத்ருஸ்கக் கல் நுழைவாயில் நிற்கிறது. எதிரே 18-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று, பலாஸ்ஸோ கல்லெங்கா. பிரபுக்கள் வாழ்ந்த அந்த மாளிகையில் இப்போது கரும்பலகைகளும் பெஞ்சுகளும் இருக்கின்றன. பெருஜாவின் 'வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம்' அங்கேதான் இயங்குகிறது. வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழியும் பண்பாடும் சொல்லித்தரும் வகுப்புகள் இந்த ஊரில் 1921-ல் தொடங்கின. பக்கத்து டஸ்கனி மாநிலத்தின் சியேனாவில் அதற்கும் முன்பே, 1917-ல். இன்று ஃபிளாரன்ஸ், பொலோனியா, தெற்கே லெச்சே, சிசிலித் தீவின் தவோர்மினா என்று நாடு முழுக்கச் சிறிதும் பெரிதுமாக இத்தகைய பள்ளிகள் இருக்கின்றன. நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். திங்கள்கிழமை காலையில் எந்த வகுப்பில் உட்காரவைக்கலாம் என்று பார்க்க ஒரு சின்னத் தேர்வு, வாரத்துக்கு ஏறக்குறைய இருபது பிரிவேளை, மதியத்துக்குப் பிறகு ஊர் சுற்றல். தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை. இரண்டு வாரமோ நான்கு வாரமோ இப்படிக் கழிப்பதை விடுமுறை என்று சொல்லிக்கொள்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் தனியாக வருபவர்களைப் பார்த்து மற்றவர்கள் இரக்கப்படுவதும் உண்டு: படிப்பெல்லாம் சரி, பாவம், துணைக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறு. இந்தப் பயணத்தில் தனிமைதான் பாடம் நடத்துகிறது. வகுப்பு அதற்கு ஒரு சாக்கு.

இதை மற்ற மொழிகளுக்கும் சொல்லலாமே என்றால், ஓரளவுக்குச் சொல்லலாம்தான். ஆனால் இத்தாலிய மொழிக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. அது இத்தாலியர்களுக்கே வெகுகாலம் அந்நிய மொழியாக இருந்தது. 1861-ல் சிதறிக் கிடந்த சிற்றரசுகள் சேர்ந்து இத்தாலி என்ற நாடு பிறந்தபோது அதன் மக்களில் எத்தனை பேர் இத்தாலியன் பேசினார்கள்? மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோ 1963-ல் எழுதிய நூலில் இட்ட கணக்கு: நூற்றுக்கு இரண்டரைப் பேர். பின்னாளில் அர்ரிகோ காஸ்தெல்லானி என்ற அறிஞர் அது குறைவான மதிப்பீடு என்று வாதாடி, சுமார் பத்துக்கு உயர்த்தினார். பத்து என்றே வைத்துக்கொண்டாலும் மீதித் தொண்ணூறு பேர் வீட்டில் நேப்பிள்ஸ் மொழியும் வெனிஸ் மொழியும் சிசிலி மொழியும்தான் பேசினார்கள். இவற்றை வட்டார வழக்கு என்று சொல்வது நம் மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் போல என்ற எண்ணத்தைத் தந்துவிடும். உண்மையில் இவை லத்தீனிலிருந்து தனித்தனியே கிளைத்த மொழிகள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிய வேண்டிய கட்டாயமில்லை. இவற்றுக்கு மேலே, தாந்தேயும் பெத்ரார்க்காவும் பொக்காச்சோவும் எழுதிய ஃபிளாரன்ஸ் மொழி, ஏட்டுமொழியாக உட்கார்ந்திருந்தது. அதற்கு அகராதி எழுதியது ஃபிளாரன்ஸில் 1583-ல் பிறந்த அக்காதெமியா தெல்லா குருஸ்கா என்ற அமைப்பு. குருஸ்கா என்றால் தவிடு. தவிட்டை நீக்கி மாவைச் சலித்தெடுப்பதுபோல் நல்ல சொற்களைச் சலித்தெடுப்பதாக அவர்களுக்கு நினைப்பு. அவர்களின் முத்திரையே மாவு சலிக்கும் இயந்திரம்தான். முதல் அகராதி 1612-ல் வந்தது.

அந்த ஏட்டுமொழியைப் பேச்சிலிருந்து கற்றுக்கொள்ள ஊர்விட்டு ஊர் போன மாணவர்களில் புகழ்பெற்றவர், இத்தாலிய நாவலின் தந்தை எனப்படும் அலெஸ்ஸாந்த்ரோ மான்சோனி. மிலான்காரர். புழக்கத்தில் மிலான் மொழியும் பிரெஞ்சும். தன் பெரிய நாவலை 1827-ல் வெளியிட்ட கையோடு, அதன் மொழி தனக்கே திருப்தி தராமல் ஃபிளாரன்ஸுக்குப் போனார். அழுக்குத் துணியை ஆர்னோ ஆற்றில் அலசுவதாக அவர் அதைச் சொன்னது இன்று இத்தாலியில் பழமொழிபோல ஆகிவிட்டது. எமிலியா லூத்தி என்ற ஃபிளாரன்ஸ் பெண்மணியிடம் சொல்லுக்குச் சொல் கேட்டுத் திருத்தி, 1840-க்கும் 42-க்கும் இடையில் நாவலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். நூறாண்டுக்கு மேல் கழித்து, 1960-லிருந்து 1968 வரை, இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் அல்பேர்த்தோ மான்சி என்ற பள்ளி ஆசிரியர் எழுத்தறியாப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்தார். 'ஒருபோதும் காலம் கடந்துவிடவில்லை' என்பது நிகழ்ச்சியின் பெயர். இன்றும் கதை முடியவில்லை. 2015-ல் இத்தாலியப் புள்ளியியல் நிறுவனம் எடுத்த கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வீட்டில் இத்தாலியனையும் உள்ளூர் மொழியையும் கலந்தே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா பாட்டி தலைமுறை தொலைக்காட்சி பார்த்துக் கற்றுக்கொண்ட மொழியை ஒரு வெளிநாட்டார் தப்பும் தவறுமாகப் பேசும்போது, கேட்பவர் முகத்தில் பெரும்பாலும் ஏளனம் தென்படாததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாரிஸ்காரரிடம் பிரெஞ்சை உடைத்துப் பேசுபவர்கள் வேறு கதை சொல்வார்கள்.

கேட்க ஆள் பொறுமையோடு இருக்கிறார். பேச ஆள் வேண்டும். துணையோடு போகிறவர் பேசுவதில்லை என்பதுதான் சிக்கல். வெளிநாட்டுக்குப் போய்ப் படித்தால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை ஆய்வாளர்கள் பல காலமாகச் சோதித்து வருகிறார்கள். பார்பரா ஃபிரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூவி ஆகிய மூவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பிரெஞ்சு கற்கும் அமெரிக்க மாணவர்களை மூன்று வகையாக ஒப்பிட்டார்கள்: தம் கல்லூரியிலேயே வழக்கமான வகுப்பில் படித்தவர்கள், பிரான்சுக்குப் போய்ப் படித்தவர்கள், அமெரிக்காவிலேயே, ஆனால் பிரெஞ்சு தவிர வேறு பேச்சே கூடாது என்ற முகாமில் கோடைக்காலத்தைக் கழித்தவர்கள். சரளத்தில் அதிகம் முன்னேறியவர்கள் பிரான்சுக்குப் போனவர்கள் அல்லர், முகாமில் இருந்தவர்கள். வகுப்புக்கு வெளியே அதிக மணிநேரம் பிரெஞ்சில் பேசியதும் எழுதியதும் அவர்களே. வெளிநாட்டுப் படிப்புக்கு எதிரான சாட்சியமாக இதைக் காட்டுபவர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் என் வாதத்துக்கும் எதிரானதுதான். ஆனால் அது உண்மையில் சொல்வது என்ன? ஊர் கற்பிக்கவில்லை, தாய்மொழி கிடைக்காத நிலை கற்பிக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரி 1915-லிருந்து நடத்தும் கோடைக்கால மொழிப் பள்ளிகளில், கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று மாணவர்கள் உறுதிமொழி எழுதிக்கொடுக்கிறார்கள். கையெழுத்து வாங்கி, சட்டம் போட்டு, நூறு பேர் நடுவில் ஒருவரைத் தனியாக்கும் ஏற்பாடு அது. இத்தாலிக்கு ஒற்றை ஆளாக விமானம் ஏறுபவருக்குக் கையெழுத்து வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் தமிழ் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான் உறுதிமொழி.

கூட்டமாகப் போய்க் கூட்டமாகவே இருந்துவிட்டுத் திரும்புவதை இத்தாலி காலங்காலமாகப் பார்த்துவருகிறது. ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபாஸ்டரின் 'எ ரூம் வித் எ வியூ' 1908-ல் வந்த நாவல். கதை தொடங்குவது ஃபிளாரன்ஸில், ஒரு விடுதியில். விடுதி நடத்தும் அம்மாள் பேசுவதோ லண்டன் கிழக்குப் பகுதிக் கொச்சை ஆங்கிலம், தங்கியிருப்பவர்களும் ஆங்கிலேயர்கள். இதற்கு லண்டனிலேயே இருந்திருக்கலாமே என்ற சலிப்போடுதான் கதை புறப்படுகிறது. பெரிய மனிதர்களும் இதற்கு விலக்கில்லை. 1786 செப்டம்பர் 3 அதிகாலை மூன்று மணிக்கு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கார்ல்ஸ்பாடிலிருந்து இத்தாலிக்குக் கிளம்பினார் ஜெர்மன் கவிஞர் கதே. வயது 37, பொய்ப் பெயர், துணைக்கு ஆளில்லை. தனிப் பயணத்தின் காவியத் தொடக்கம் என்றே சொல்லலாம். ரோமுக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்தார்? திஷ்பைன் என்ற ஜெர்மன் ஓவியரின் வீட்டில் ஜெர்மன் கலைஞர்களோடு குடியேறிவிட்டார். கோர்ஸோ வீதியிலிருக்கும் அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கதேக்கு இத்தாலியன் முன்பே தெரியும் என்பதால் நஷ்டமில்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஜும்பா லாஹிரியின் கதையை என் வாதத்துக்கு மறுப்பாகக் காட்டலாம். வங்காளப் பெற்றோருக்குப் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றவர். 1994-ல் ஃபிளாரன்ஸைப் பார்த்ததிலிருந்து அமெரிக்காவில் இருந்தபடியே ஆசிரியர் மாற்றி ஆசிரியராக இத்தாலியன் படித்தார். இருபது ஆண்டு நெருங்கியும் மொழி பிடிபடாமல், 2012-ல் ரோமுக்கே குடிபெயர்ந்தார். 2015-ல் இத்தாலிய மொழியிலேயே தன்வரலாறு போன்ற ஒரு நூலையும், 2018-ல் ஒரு நாவலையும் வெளியிட்டார். அவர் போனது தனியாக அல்ல, குடும்பத்தோடு. ஆகவே தனிமை அவசியமில்லை என்று சொல்லிவிடலாமா? புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆங்கிலத்தில் வாசிப்பதையே அவர் நிறுத்திக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்தும் மொழிக்குள் அவர் ஒற்றையாகவே போனார். அந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காதவர்களுக்குத் தனிப் பயணச்சீட்டு எளிய வழி.

இதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே, எதிர்த் திசையில் ஓர் உதாரணம் இருக்கிறது. ரோமில் 1577-ல் பிறந்த ராபர்ட் தெ நொபிலி, 1606-ல் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் ஆண்டுக்கணக்கில் இருந்தார். அவருடைய உலகம் போர்த்துகீசியர்களையும் கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களையும் சுற்றியே இருந்தது. நொபிலி சீக்கிரமே அந்த இல்லத்தைவிட்டு வெளியேறித் தனியே குடியேறினார். காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்ற பெயரில் அவர் எழுதிய உரைநடை, தமிழ் உரைநடையின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று. நோக்கம் மதம் பரப்புவது; விடுமுறை அல்ல. அந்த நோக்கத்தைப் பற்றி வேறு விவாதம் இருக்கிறது. மொழி கற்ற வழியை மட்டும் பார்த்தால், தன் ஆட்களிடமிருந்து அவர் விலகியதுதான் முதல் படி. நூறாண்டுக்குப் பின் வந்த வீரமாமுனிவர், வட இத்தாலியின் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர்க்காரர். முப்பது வயதில் இந்தியாவுக்கு வந்தவர், 1732-ல் சதுரகராதியை முடித்திருந்தார். வயதான பிறகு மொழி வராது என்று சொல்பவர்கள் நம் பாடப்புத்தகத்தையே புரட்டிப் பார்க்கலாம்.

சரி, அவர்கள் வாழ்நாளைக் கொடுத்தார்கள். இரண்டு வார விடுமுறையில் என்ன வந்துவிடும்? வலுவான ஆட்சேபம் இதுதான். கணக்கும் அதன் பக்கம் நிற்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு எளிதான மொழிகளின் வரிசையில் இத்தாலியனை வைத்திருக்கிறது. அந்த எளிதான வரிசைக்கே ஏறக்குறைய 600 வகுப்பு மணியாவது ஆகும் என்கிறது. வாரம் இருபது பிரிவேளை என்றால் இரண்டு வாரத்தில் நாற்பது. பதினைந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இதை மறுக்கப் போவதில்லை. இரண்டே வாரத்தில் இத்தாலியன் என்று விளம்பரம் செய்பவரிடமிருந்து விலகியே நில்லுங்கள். ஆனால் அளவுகோல் வேறாக இருக்கலாம். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கேலிக் மொழிக்கு ஒரு வாரத் தீவிரப் பயிற்சி நடக்கிறது. அதில் சேர்ந்த 33 பேரை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களின் வயது 18 முதல் 78 வரை. கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் திறன், ஒரே வாரத்தில் அளவிடும்படி கூடியிருந்தது. வயது வித்தியாசம் அதைத் தடுக்கவில்லை. மொழியில்லாத வேறு பயிற்சிக்குப் போனவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, வாரம் ஐந்து மணிநேரமாவது மொழிப் பயிற்சியைத் தொடர்ந்தவர்களிடம் பலன் நிலைத்திருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. எனினும் ஒரு வாரம் என்பது மூளைக்கு ஒன்றுமில்லாத காலம் அல்ல என்று சொல்ல அது போதும். இரண்டு வாரம் மொழியைத் தராது. திரும்பி வந்த பிறகும் விடாமல் படிக்கவைக்கும் வெட்கத்தைத் தரும். காப்பிக் கடையில் சொல்லத் திணறிய ஒரு வாக்கியம் ஊருக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டிருக்கும். துணைக்கு வந்த நண்பர் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டிருந்தால் உறுத்தவே உறுத்தாது.

திணறலைப் பற்றிச் சொல்லும்போது, தமிழ் நாக்குக்கு இந்த மொழியில் கிடைக்கும் சலுகைகளையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர் இத்தாலியனில் தடுக்கி விழும் முதல் இடம் இரட்டை மெய். பாலா என்றால் மண்வெட்டி வகை, பல்லா என்றால் பந்து. நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா. கபெல்லோ தலைமுடி, கப்பெல்லோ தொப்பி. கனிக்கும் கன்னிக்கும், வளிக்கும் வள்ளிக்கும் வேறுபாடு தெரிந்து வளர்ந்தவருக்கு இது ஒரு பாடமே அல்ல. பார்லோ, பார்லி, பார்லா என்று வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே பேசுவது நானா நீயா அவரா என்று தெரிந்துவிடுகிறது. எழுவாயைச் சொல்லாமலே விடலாம். பேசுகிறேன், பேசுகிறாய் என்று சொல்லிப் பழகியவருக்கு இதுவும் பழைய வீடு. சலுகை அத்தோடு முடிகிறது. மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால் என்பது உயர்திணை அஃறிணை படித்தவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வல்லினத்தில் ஒலிப்புள்ளது, ஒலிப்பில்லாதது என்று காது பிரித்தாக வேண்டும்: மாவுப் பண்டமும் பாஸ்தா, 'போதும்' என்ற சொல்லும் பாஸ்தா. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இத்தாலியில் தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது முதலெழுத்தை அழுத்துவதா மென்மையாக்குவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

மரியாதைச் சொல்லில்தான் சுவாரசியம் கூடுகிறது. பழகியவரை 'தூ' என்பார்கள், நம் நீ. மரியாதைக்குரியவரை 'லெய்' என்பார்கள். லெய் என்பதன் நேர்ப்பொருள் 'அவள்'. எதிரே நிற்பவர் மீசை வைத்த நீதிபதியானாலும் அவள்தான். எதிரில் இருப்பவரைப் படர்க்கையில் பேசி உயர்த்தும் உத்தி நமக்குப் புதிதில்லை, "ஐயா எப்போது வந்தார்கள்?" என்று ஐயாவிடமே கேட்கிறோம். 'தாங்கள்' என்ற சொல்லின் வேரும் 'தாம்' என்ற படர்க்கைச் சொல்தான். முசோலினியின் ஆட்சி 1938-ல் இந்த லெய்யை ஆண்மைக்கு ஒவ்வாததென்று ஒதுக்கி, 'வோய்' என்று சொல்ல உத்தரவிட்டது. 'லெய்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பெண்கள் பத்திரிகைகூடப் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரில் அது வெறும் 'அவள்'தான், மரியாதைச் சொல் அல்ல. ஆட்சி போனது, லெய் திரும்பி வந்தது. எப்போது தூ, எப்போது லெய் என்பதைப் புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிடும். மருந்துக் கடையிலும் வீட்டுக்கார அம்மாளின் மேசையிலும் தப்பாகச் சொல்லி, எதிராளியின் புருவம் லேசாக உயர்வதைப் பார்த்தால்தான் அது உள்ளே இறங்கும். அந்தப் புருவத்தைப் பார்க்கத் தனியாகத்தான் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எல்லா இத்தாலியரும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுகிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். ஃபிளாரன்ஸின் நடுவிலும் வெனிஸிலும் அது உண்மை. வெனிஸின் பழைய நகரத்தில் வசிப்பவர்கள் 2022-ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். 2024 ஏப்ரலிலிருந்து கூட்டம் மிகுந்த நாட்களில் ஒருநாள் வருகையாளரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிப் போகும் ஊரில் மொழி கற்க நினைப்பது கண்காட்சியில் குடித்தனம் நடத்துவது போல. ஆகவே ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. பெருஜா, சியேனா, பொலோனியா, லெச்சே போன்ற ஊர்களில் மாணவர்களும் குடும்பங்களும் வாழ்கிறார்கள்; அங்கே 'பார்' என்றால் காப்பிக் கடை, காலையில் பாட்டிகளும் வருவார்கள். ஆகஸ்ட் மாதத்தைத் தவிருங்கள். 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டி உள்ளூர்க்காரர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், சிறு கடைகள் மூடியிருக்கும், பேச ஆள் இருக்காது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றுமே தெரியாதவர்களின் வகுப்பில், ஜப்பானியரும் பிரேசில்காரரும் ஜெர்மானியரும் இடைவேளையில் பேசப்போவது ஆங்கிலம்தான். அந்தப் படியில் போய் இறங்கினால் நான் சொல்லும் தனிமை முழுதாகக் கிடைக்காது. ஊரிலேயே, இணைய வழியிலேனும், அடிப்படையை முடித்துக்கொண்டு, ஐரோப்பியக் கவுன்சில் வகுத்த ஆறு படிகளில் இரண்டாவதான ஏ2 வகுப்பிலாவது போய் உட்காருபவருக்கே இந்த விடுமுறை முழுப் பலன் தரும். இதைப் பள்ளிகளின் விளம்பரத் தாள்கள் சொல்லமாட்டா.

தனியாகப் போவதன் கஷ்டங்களை மறைக்கவும் நான் விரும்பவில்லை. பகல் எளிது, இரவு உணவு கடினம். இத்தாலியர் கூட்டமாக, மெதுவாக, நேரம் கழித்துச் சாப்பிடுபவர்கள். ஒற்றை ஆளுக்கு மேசை கேட்கும்போது ஏற்படும் கூச்சத்துக்கு இலக்கணத்தில் பாடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைகள் அடைத்திருக்கும்போது ஊரே வீட்டுக்குள் போய்விட்டதுபோல் இருக்கும். குடும்பத்தோடு தங்குவது இதற்குப் பாதி மருந்து. பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி நியாயமானது. பெருஜாவில் 2007-ல் வெளிநாட்டு மாணவி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதை மறைத்துவிட்டு அந்த ஊரைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஆனால் ஒரு வழக்கை வைத்து ஊரை எடைபோடுவதும் சரியில்லை. ஊர் ஊராகத் தாவும் தனிப் பயணியைவிட, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரே வகுப்பில் இருக்க வேண்டியவருக்கு ஒரு பாதுகாப்பு கூடுதல்: அவர் வராவிட்டால் கவனிக்க ஆள் இருக்கிறார்கள்.

பயன் என்ன என்ற கேள்வியும் மிச்சம். இதற்கு ஆபரா, ஓவியம், சமையல் என்று அடுக்கலாம், அடுக்கப் போவதில்லை. நமக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிசிலியின் பலெர்மோ நகரத்தில் 1980-களிலிருந்து குடியேறிய ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள்.  பலரும் வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போன வீடுகளில், புத்தகமில்லாமல் இத்தாலியன் கற்றார்கள். நீண்டகால வசிப்புரிமைக்கு ஏ2 அளவுத் தேர்ச்சியும், 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமைக்கு பி1 அளவுச் சான்றிதழும் இத்தாலியில் கட்டாயம். பெருஜாவும் சியேனாவும் வழங்கும் அதே சான்றிதழ்களுக்கான தேர்வைத்தான், விடுமுறைக்கு வந்தவர் ஆசைக்கும் குடியேறியவர் பிழைப்புக்கும் எழுதுகிறார்கள். ஆகவே இந்த விடுமுறை ஓர் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்பதே என் பதில். விமானச் செலவு, கட்டணம், வாடகை எல்லாம் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஆனால் அதே தொகையில் பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பேருந்துச் சுற்றுலாவுக்கு ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதில் ஏறுபவர் ஏழு நாட்டிலும் வாடிக்கையாளர். பெருஜாவில் உட்காருபவர் மாணவர். நாற்பது வயதில், மேலாளர் என்ற அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ரொட்டிக் கடைக்காரரிடம் திருத்தம் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு வேறெந்தச் சுற்றுலாவிலும் விற்பனைக்கு இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: 90 நாளுக்கு உட்பட்ட படிப்புக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா போதும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். அந்த ஆறு மாதத்தில் அடிப்படை இலக்கணத்தை முடித்துவிடுங்கள். விஷயம் தெரிந்து, நானும் வருகிறேன் என்று ஒரு நண்பர் கிளம்புவார். தாராளமாக வரச் சொல்லுங்கள். நீங்கள் பெருஜா என்றால் அவரை லெச்சேவில் சேர்த்துவிடுங்கள். திரும்பும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை போட்டுக்கொள்ளலாம்.